மறுமலர்ச்சிக் கால அச்சோவியங்களில் பெண்டிர் உடை

16ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்டிரின் உடையை அறிய விழைவோர் பெரிதும் நாடுவன அச்சோவியங்களே. ஆடை நைந்து அழியும். அதன் வடிவம் தாளில் பதிந்து நிலைபெறும். ஆயினும் அச்சோவியம் கண்டதைக் கண்டவாறே காட்டுகிறதா என ஆராயாமல் அதனைச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. இருவர் படைப்புகளைக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்க முற்படுகிறது.

முதலாமவர் ஆல்பிரெக்ட் டியூரர் (1471–1528). நியூரம்பெர்க் நகரத்தவரான இவர், 1495ஆம் ஆண்டளவில் தம் நகரப் பெண்ணையும் வெனிசு நகரப் பெண்ணையும் அருகருகே நிறுத்தி மையால் வரைந்தார். முன்னவளின் தலை துணியால் மூடப்பட்டுள்ளது. பின்னவளின் ஆடை மார்பின் கீழேயே இறுக்கப்பெற்று, தோள்களைத் திறந்து காட்டுகிறது. இங்கு உடை வேறுபாட்டை அறிதலே நோக்கம். அக்காலத்தில் அவர் தனியே வரைந்த மற்றொரு வெனிசுப் பெண்ணின் உடையோ, 1498இல் வெளிவந்த 'திருவெளிப்பாடு' மரச்செதுக்கு ஓவியத் தொகுதியில் பாபிலோனின் பரத்தைக்கு உரியதாயிற்று. வெனிசில் வழக்கிலிருந்த உடை, செருமானிய நாட்டில் அச்சேறியபோது பாவத்தின் அடையாளமாகப் பொருள் மாறிற்று.

இரண்டாமவர் செசாரே வெசெல்லியோ. 1590இல் வெனிசில் வெளிவந்த இவரது உடை நூலில் 400க்கும் மேற்பட்ட மரச்செதுக்குப் படங்கள் உள்ளன. கன்னி, மணமகள், கைம்பெண், பரத்தை என நிலைக்கொரு படம் அமைந்துள்ளது. கோடுகளை மேடாக விட்டு எஞ்சிய பகுதியை அகழ்ந்தெடுப்பது மரச்செதுக்கு முறை. இதில் மடிப்பும் பூவேலையும் புலப்படும், நிறம் புலப்படாது. ஆகவே நிறத்தையும் துணிவகையையும் அவர் உரைநடையில் விளக்கினார். படத்தை உரையினின்று பிரித்து நோக்குவோர் பாதிச் செய்தியையே பெறுவர்.

தொலைநிலத்துப் பெண்டிரைப் பொறுத்தவரை சிக்கல் மிகுதி. 1598ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்க்கப்பட்ட வர்ஜீனியா மக்களின் படங்கள், தியோடோர் டி பிரை 1590இல் வெளியிட்ட செப்புத்தகட்டு அச்சுகளைத் தழுவியவை. அவையோ ஜான் ஒயிட் நேரிற்கண்டு தீட்டிய நீர்வண்ண ஓவியங்களைத் தழுவியவை. எனவே வெசெல்லியோ காட்டுவது படியின் படியேயாகும்.

ஆகவே உடை வரலாற்றாய்வாளர் ஒவ்வோர் அச்சோவியத்தையும் நோக்கி மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்: வரைந்தவர் நேரிற்கண்டாரா? எதனைப் பார்த்துப் படியெடுத்தார்? எப்பயன் கருதி வெளியிட்டார்? இவற்றுக்கு விடை கண்ட பின்னரே அவ்வோவியம் வரலாற்றுச் சான்றாகும்.