வகுப்பறைச் சேட்டைக்குப் பின்னால் இருப்பவை

வகுப்பில் ஒரு குழந்தை அடம்பிடிப்பதற்கும், பாடத்தின் நடுவே எழுந்து ஓடுவதற்கும், பக்கத்துப் பிள்ளையை அடிப்பதற்கும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. ஆசையை அடக்கவும், தன் முறை வரும்வரை காத்திருக்கவும், கோபத்தைக் கட்டுப்படுத்தவும் உதவுவது மூளையின் முன்பகுதி. அது இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும். ஆறு வயதுக் குழந்தை பாடவேளை முழுவதும் கைகட்டி, வாய்பொத்தி அமர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே அல்ல. வயதுக்குரிய குறும்பை நோயாகப் பார்க்க வேண்டியதில்லை. நடத்தை பல வாரங்களுக்கு நீடித்து, படிப்பையோ நட்பையோ கெடுக்கும்போதுதான் கவனம் தேவை.

முதலில் உடல்

காரணத்தைத் தேடும்போது மனத்துக்கு முன்பாக உடலைப் பார்ப்பது நல்லது. கிட்டப்பார்வை உள்ள குழந்தைக்குக் கரும்பலகை எழுத்து தெரியாது. அது அடுத்தவர் நோட்டை எட்டிப் பார்க்கும். ‘பேசிக்கொண்டே இருக்கிறது’ என்று திட்டு வாங்கும். சளிக்குப் பிறகு நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால் சில வாரங்களுக்குக் காது மந்தமாகிவிடும். அப்போது சொல்பேச்சுக் கேட்காத பிள்ளை என்ற பெயர் கிடைக்கும்.

6 முதல் 12 வயதுவரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. தூக்கம் குறைந்தால் பெரியவர்கள் சோர்ந்துபோவார்கள். குழந்தைகளோ பல சமயம் அதிகமாகத் துள்ளுவார்கள், எரிந்துவிழுவார்கள். இரவில் குறட்டைவிட்டு, வாயால் மூச்சுவிடும் குழந்தைக்கு, மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதையில் வீக்கம் இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவும் வெறும் வயிறும் கவனத்தைக் குலைக்கும். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை இந்தக் கோணத்திலும் பார்க்கலாம்.

எளிதில் தவறவிடப்படுவது ஒருவகை வலிப்பு. குழந்தை சில விநாடிகள் வெறித்துப் பார்க்கும்; கூப்பிட்டால் பதில் வராது; பிறகு ஒன்றும் நடக்காததுபோல எழுதத் தொடங்கும். ஒரே நாளில் இது பலமுறை நேரலாம். கனவு காண்கிறது என்று கண்டிக்கப்படும் இக்குழந்தைக்கு வேண்டியது மருந்து.

முன்பும் பின்பும் நடப்பது

உடல் காரணம் இல்லையென்றால், நடத்தைக்குச் சற்று முன்பு என்ன நடந்தது, அதன் பிறகு குழந்தைக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரின் ஆய்வுகளிலிருந்து வளர்ந்த முறை இது. கணக்கு வகுப்பில் மட்டும் ரகளை செய்யும் சிறுவனை ஒவ்வொரு முறையும் வெளியே நிறுத்தினால், கணக்கிலிருந்து தப்பிக்க வழி கிடைத்ததென்றே அவன் புரிந்துகொள்வான். அவனுக்கு வேண்டியது அடிப்படையிலிருந்து கணக்குச் சொல்லித் தருவது. இன்னொருவன் அதே ரகளையை ஆசிரியர் தன்னைப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்யலாம். அவன் அமைதியாக இருக்கும்போதே அவனைக் கவனித்துப் பேசுவதுதான் தீர்வு. வெளியே ஒன்றுபோலத் தெரியும் இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்துவந்தாலே எது எது என்று பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

ஓர் எச்சரிக்கை: கவனம் ஈர்க்கும் சேட்டையைப் பொருட்படுத்தாமல் விட்டால், அது குறைவதற்கு முன் கொஞ்ச நாள் கூடும். முறை தோற்றுவிட்டதென்று பலர் கைவிடுவது அந்த நேரத்தில்தான்.

வகுப்பறை நடைமுறை

விதிகள் நான்கைந்துக்கு மேல் வேண்டாம். ‘ஓடாதே’ என்பதைவிட ‘மெதுவாக நட’ என்பது சிறு குழந்தைக்குப் புரியும். பாராட்டும்போது ‘நல்ல பிள்ளை’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘பென்சிலைப் பகிர்ந்துகொண்டாயே, நன்று’ என்று செயலைச் சொல்ல வேண்டும். கண்டிப்பதை அருகே சென்று தாழ்ந்த குரலில் செய்யலாம்.

அடியும் அவமானமும்

பிரம்பு அந்த நொடியில் அடக்கும். என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் கற்றுத்தராது. அடிபட்ட குழந்தை மறைக்கவும் பொய் சொல்லவும் பழகுகிறது, பள்ளிக்கு வரவே அஞ்சுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிறர் முன்னிலையில் ‘மக்கு’ என்பது சிறிய விஷயமல்ல.

மருத்துவ உதவி

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக்கு அறிகுறிகள் 12 வயதுக்கு முன் தோன்றி, குறைந்தது 6 மாதம் நீடித்து, வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். பள்ளியில் மட்டும் தொல்லை என்றால், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடோ, சக மாணவர்களின் கேலியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆசிரியர் கண்டதைக் குறித்துத் தரலாம். நோயின் பெயரை முடிவுசெய்வது மருத்துவர் வேலை.

கலகலப்பான குழந்தை திடீரென ஒடுங்கினாலோ முரட்டுத்தனமாக மாறினாலோ, வீட்டில் இழப்பு, வன்முறை, பாலியல் சீண்டல் நேர்ந்திருக்கிறதா என்று தனிமையில், பொறுமையாகக் கேட்க வேண்டும். குழந்தைக்கு ஆபத்து என்ற ஐயம் எழுந்தால் 1098 என்ற கட்டணமில்லா எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.