பழைய லாரியில் வேகம் பார்க்க ஒரு புதிய கருவி

நம் சங்க உறுப்பினர் ஒருவர் 2006-இல் வாங்கிய லாரியை வைத்து நாக்பூரிலிருந்து ஆரஞ்சு ஏற்றி அனுப்புகிறார். அண்மையில் அவருக்கு அபராதச் சீட்டு வந்தது. 60 கி.மீ. எல்லையுள்ள சாலையில் 66 கி.மீ. வேகமாம். டிரைவரோ, முள் 60-ஐத் தாண்டவே இல்லை என்று சத்தியம் செய்கிறார். "சார், நீங்க ரயில்வேயிலே இருந்தவராச்சே, இவன் சம்பளத்திலே பிடிக்கலாமா, வேண்டாமா?" என்று என்னிடம் கேட்டார்.

ஒரு நாள் காலை நானும் லாரியில் ஏறிக்கொண்டேன். முள்ளை 60-லேயே நிறுத்தச் சொல்லி, கிலோமீட்டர் கற்களைப் பார்த்து 5 கி.மீ. தூரத்துக்குக் கடிகாரம் பிடித்தேன். 5 நிமிடம் ஆக வேண்டும். 4 நிமிடம் 35 விநாடிதான் ஆயிற்று. அதாவது 65 கி.மீ. வேகம். (அந்நாளில் ரயிலில் இதையே வேறு விதமாகச் செய்வோம். தண்டவாளம் ஒன்று 13 மீட்டர். 47 விநாடியில் எத்தனை இணைப்புச் சத்தம் கேட்கிறதோ, ஏறக்குறைய அத்தனை கி.மீ. வேகம். இப்போது தண்டவாளங்களைப் பற்றவைத்துவிட்டதால் அந்தச் சத்தமே அபூர்வம்.)

ஆக, டிரைவர் பொய் சொல்லவில்லை. மீட்டர்தான் பொய் சொன்னது. பழைய லாரிகளில் கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள், மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அது ஓர் அலுமினியக் கிண்ணத்தை இழுக்க, சுருள்வில் அதைப் பிடித்து நிறுத்தும். காந்தம் வலுவிழந்தால் முள் குறைத்துக் காட்டும். போதாக்குறைக்கு, 9.00-20 டயர் இருந்த இடத்தில் 10.00-20 போட்டிருந்தார்கள். விட்டம் சுமார் 3 சதவிகிதம் அதிகம். அதே அளவு வேகமும் கணக்கில் வராமல் போகும். 60-க்குப் பதில் 66-இல் போனால், பிரேக் போட்டபின் நிற்கும் தூரம் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. சரக்கு ஏற்றிய லாரியில் இது விளையாட்டல்ல.

கடையில் முதலில் காட்டியது டயாக்னாஸ்டிக் சாக்கெட்டில் செருகும் டிஜிட்டல் மீட்டர். பாரத் ஸ்டேஜ் 4 விதிகளையொட்டி 2010-க்குப் பிறகுதான் அந்தச் சாக்கெட் இங்கே பரவியது; நம் நண்பரின் லாரியில் கம்ப்யூட்டரே கிடையாது. இருக்கும் வண்டியிலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மீட்டர் தானாக எதையும் அளப்பதில்லை. வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைத் திருப்பிச் சொல்கிறது. கம்ப்யூட்டரோ சக்கரச் சுற்றை எண்ணித்தான் வேகம் சொல்கிறது. டயர் அளவு மாறினால் இரண்டும் சேர்ந்தே தவறும். திருத்த எண் கொடுக்க வசதியுள்ள மாடலாக இருந்தால் பரவாயில்லை.

பழைய லாரிக்கு ஏற்றது, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் ஜி.பி.எஸ். மீட்டர். செயற்கைக்கோள்களைக் கொண்டு வேகம் அறிவதால் டயரோ கேபிளோ அதைப் பாதிக்காது. சுரங்கப் பாதையில் விழிக்கும். பிரேக் போடும்போது சற்றுப் பின்தங்கும். வாங்குமுன் 24 வோல்ட்டைத் தாங்குமா என்று பார்ப்பது முக்கியம். பெரிய லாரிகளில் 24 வோல்ட். காருக்கான 12 வோல்ட் சாமானைச் செருகினால் புகைதான் வரும். இரவில் வெளிச்சம் குறைக்க வசதி இருக்கட்டும். சாலையை மறைக்கும் இடத்தில் ஒட்டாதீர்கள்.

இதை வாங்கியதால் பழைய மீட்டரை அப்படியே விட்டுவிடக் கூடாது. ஃபிட்னஸ் சோதனையில் அதையும் பார்ப்பார்கள். நண்பர் மீட்டரைப் பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறார். அபராதத்தையும் அவரே கட்டிவிட்டார்.