உங்களுக்குத் தெரியுமா? சப்வூஃபருக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா 2020இல் புது வடிவில் வந்தபோது, அதன் உயர்ரக வகைகளில் போஸ் சப்வூஃபர் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது. தனியாக வாங்கி மாட்டுவோர்தான் ஆம்ப்ளிஃபயரோடு ஜோடிப் பொருத்தம் பார்த்தாக வேண்டும். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் மின்னும் ‘மேக்ஸ்’ வாட்ஸ் வெறும் ஜம்பம். தொடர்ந்து தாங்கும் சக்தியைச் சொல்லும் ஆர்எம்எஸ் எண்தான் கணக்கு. அதைவிட முக்கியம் மின்தடையைச் சொல்லும் ஓம்: சப்வூஃபரின் இரண்டு 4 ஓம் காயில்களைப் பக்க இணைப்பில் கோத்தால் 2 ஓம், தொடர் இணைப்பில் 8 ஓம். 2 ஓமைத் தாங்காத ஆம்ப்ளிஃபயர் சூடேறி அணைந்துவிடும். 8 ஓமிலோ, 4 ஓமில் தருவதில் ஏறக்குறைய பாதிச் சக்திதான் கிடைக்கும்.

‘சின்ன ஆம்ப் போட்டால் ஸ்பீக்கர் பத்திரம்தானே?’ என்பார்கள். மிகச் சிறியதென்றால் சரி. சற்றே குறைந்த ஆம்ப்பை முழுச் சத்தத்துக்கு முறுக்கினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, ஆம்ப்பின் ஆர்எம்எஸ் அளவைத் தாண்டியும் சக்தி பாயும், காயில் கருகும்.