பழைய வண்டிக்கு பார்ட்ஸ் கேட்டால் ஏன் "இல்ல சார்" என்கிறார்கள்?

பத்து, பதினைந்து வருஷம் ஓடிய கார் வைத்திருப்பவர்களுக்கு ஷோரூம் ஸ்பேர் கவுண்டரில் கிடைக்கும் பதில்கள் மொத்தம் நாலுதான். "ஸ்டாக் இல்ல சார்." "ஆர்டர் போட்டிருக்கோம், வந்துடும் சார்." "அது தனியா வராது, அசெம்ப்ளியாத்தான் வரும்." "அந்த மாடலுக்கு இனிமே வராது சார்." இதில் நாலாவது பதில் கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி. அவர் அன்றைக்கே வேறு வழி தேடப் போய்விடுவார். மற்ற மூன்றும் கிடைத்தவர்கள்தான் மாசக்கணக்கில் அலைவார்கள்.

இதை வெறும் புலம்பலாக எழுத உட்காரவில்லை (கொஞ்சம் புலம்பலும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்). கவுண்டரில் இருக்கும் பையனுக்கு முன்னால் ஒரு திரை இருக்கிறது. அவர் சொல்வதெல்லாம் அந்தத் திரை சொல்வதுதான். கிடங்கு மென்பொருள் பக்கம் சில வருஷம் வேலை பார்த்தவன் என்பதால், அந்தத் திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தோண்டிப் பார்க்கும் ஆசை வந்தது. ஆசையைக் கிளப்பியது என் 2005 மாடல் பெட்ரோல் கார். தெர்மோஸ்டாட் ஹவுசிங் என்று ஒரு பிளாஸ்டிக் பாகம். என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகும் வழியில் உட்கார்ந்திருக்கும். அது விரிந்தால் கூலன்ட் ஒழுகும், என்ஜின் கொதிக்கும், அதோடு ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போய்விடும். சில நூறு ரூபாய் சாமான். அதற்காக வண்டி ஐந்து வாரம் மெக்கானிக் ஷெட்டில் நின்றது. அவர் ஷெட்டில் மொத்தமே மூன்று கார் நிறுத்தலாம். ஒரு இடத்தை நான் அடைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவை வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போன ஆட்டோ செலவே பார்ட் விலையைப் போல பல மடங்கு. கம்பெனி பெயரும் டீலர் பெயரும் வேண்டாம். யாராக இருந்தாலும் கதை ஏறக்குறைய இதுதான்.

முதலில் பார்ட் நம்பர். மனுஷர்களுக்கு "தெர்மோஸ்டாட் ஹவுசிங்" என்பது ஒரு பொருள். சிஸ்டத்துக்கு அது ஒரு நம்பர் மட்டுமே. ஒரு உதாரணத்துக்கு ஹோண்டா கார்களின் ஆயில் ஃபில்டர் நம்பரைப் பாருங்கள் (என் வண்டி அது இல்லை, விளக்க வசதியாக இருப்பதால் எடுக்கிறேன்): 15400-பிஎல்எம்-ஏ01. முதல் ஐந்து இலக்கம் இது ஆயில் ஃபில்டர் என்று சொல்கிறது. நடுவில் உள்ள மூன்று எழுத்து, முதலில் எந்த மாடலுக்காக வடிவமைத்தார்களோ அதன் குறியீடு. கடைசியில் இருப்பது பதிப்பு. நாளைக்குச் சின்ன மாற்றம் செய்தால் ஏ01 போய் ஏ02 வரும். ஃபோக்ஸ்வேகனில் வரிசை வேறு. அங்கே மாடல் அல்லது என்ஜின் குறியீடு முன்னால் வரும், பதிப்பு எழுத்து கடைசியில் ஒட்டும். தத்துவம் ஒன்றுதான்.

இப்படிப் பழைய நம்பரை ஒழித்துப் புது நம்பர் கொடுப்பதற்கு சூப்பர்செஷன் என்று பெயர். புரோகிராம் எழுதுபவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லலாம்: ரீடைரக்ட். பழைய முகவரிக்குப் போனால் புது முகவரிக்குத் தள்ளிவிட வேண்டும். ஆனால் இருபது வருஷத்தில் ஒரு பாகம் மூன்று நாலு தடவை நம்பர் மாறியிருக்கும். சங்கிலியில் ஒரு கண்ணி டேட்டாபேஸில் விட்டுப்போனால், பழைய நம்பரைத் தட்டும்போது திரையில் பூஜ்யம்தான் தெரியும். அதே சாமான் புது நம்பரில் பக்கத்து ரேக்கில் தூங்கிக்கொண்டிருக்கும். எனக்கு மூன்றாவது வாரம் வந்த "நம்பர் மாறிடுச்சு சார்" என்ற பதில் இந்த ரகம். அதுவரை அவர்கள் போட்டிருந்த ஆர்டர், ஒழிக்கப்பட்ட நம்பருக்கு. அது வரவே வராது. ஆனால் திரையில் "ஆர்டர் நிலுவை" என்றே இருக்கும். "வந்துடும் சார்" என்று அந்தப் பையன் சொன்னது பொய்யே இல்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கஸ்டமர் கேர் நம்பருக்கு அடித்ததையும் சொல்லிவிடுகிறேன். புகார் எண் கொடுத்தார்கள். இரண்டு நாளில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்.எம்.எஸ். வந்தது. மறுபடி அடித்தேன், புதுப் புகார் எண், மறுபடி அதே எஸ்.எம்.எஸ். அங்கே நடப்பது எங்கள் துறைக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்: புகாரை டீலருக்குத் தள்ளிவிட்டால் டிக்கெட் மூடப்பட்டதாகக் கணக்கு. அளக்கப்படுவது டிக்கெட் எவ்வளவு சீக்கிரம் மூடப்பட்டது என்பது. பார்ட் வந்ததா என்பது அந்த அட்டவணையில் ஒரு காலமாகவே இல்லை.

சரி, ஸ்டாக் ஏன் இல்லை? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

கிடங்குக்காரர்கள் சாமான்களை வேகமாக நகர்வது, மெதுவாக நகர்வது, நகராதது என்று மூன்றாகப் பிரிப்பார்கள். ஆயில் ஃபில்டர், பிரேக் பேட் எல்லாம் முதல் வகை. என் ஹவுசிங் மூன்றாவது. டீலர் நகராத சாமானை வாங்கி வைத்தால் அவர் பணம் ரேக்கில் முடங்கும். அதனால் கணிப்பைப் பார்த்துத்தான் வாங்குவார். அந்தக் கணிப்பிலேயே ஒரு வில்லங்கம் இருக்கிறது.

ஒரு சாமான் ஐந்து மாசத்துக்கு ஒரு தடவை இரண்டு பீஸ் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி மாசத்துக்கு 0.4. பொதுவாகப் பயன்படும் முறையில், போன கணிப்பில் 80 சதவீதம், இந்த மாச விற்பனையில் 20 சதவீதம் எடுத்துக் கூட்டிப் புதுக் கணிப்பு போடுவார்கள். பைத்தானில் பத்து வரி எழுதி ஓட்டிப் பார்த்தேன். விற்பனை நடந்த உடனே கணிப்பு மாசத்துக்கு 0.6 என்று ஏறுகிறது. அப்புறம் மாசாமாசம் இறங்கி, அடுத்த ஆள் கேட்டு வருவதற்கு முந்தின நாள் 0.24-ல் நிற்கிறது. அதாவது யாருக்கும் தேவைப்படாத நேரத்தில் "நிறைய வாங்கு" என்கிறது. தேவை வரப்போகும் நேரத்தில் "வேண்டாம்" என்கிறது. நம்ம வீட்டில் கல்யாணம் முடிந்த மறுநாள் வாழை இலை வாங்குவது போல.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஜே. டி. கிராஸ்டன், 1972-ல். அவர் சொன்ன தீர்வு எளிமையானது: விற்கும்போது எத்தனை விற்கிறது என்பதைத் தனியாகக் கணி, எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை விற்கிறது என்பதைத் தனியாகக் கணி, முதலாவதை இரண்டாவதால் வகு. நம் உதாரணத்தில் 2-ஐ 5-ஆல் வகுத்தால் 0.4. ஆடாமல் அசையாமல் நிற்கும். இதிலும் குறை உண்டு. விற்பனை நடந்தால்தான் கணக்கு புதுப்பிக்கப்படும் என்பதால், அந்த மாடலே ரோட்டில் இல்லாமல் போனாலும் பழைய கணிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதைச் சரிசெய்யும் முறைகளும் பின்னால் வந்துவிட்டன. 2011-ல் டியூன்டர், சின்டெடோஸ், பாபாய் மூவரும் வெளியிட்டது ஒன்று.

ஆனால் எந்தச் சூத்திரமும் காப்பாற்ற முடியாத ஓட்டை ஒன்று கவுண்டரிலேயே இருக்கிறது. நீங்க போய்க் கேட்கிறீங்க. பையன் நம்பரைத் தட்டுகிறார், பூஜ்யம், "இல்ல சார்" என்கிறார். நீங்க திரும்பி வந்துடறீங்க. அங்கே என்ன பதிவானது? ஒன்றுமே இல்லை. சிஸ்டம் பதிவு செய்வது விற்பனையை மட்டும்தான், கேட்டு வந்து வெறும் கையோடு போனவர்களை அல்ல. வருஷத்துக்கு இருபது பேர் கேட்டு இருபது பேரும் திரும்பினால், இந்தப் பாகத்துக்குத் தேவை பூஜ்யம் என்றுதான் கணக்கு காட்டும். தேவை பூஜ்யம், அதனால் வாங்க வேண்டாம். வாங்காததால் இருபத்தொன்றாவது ஆளுக்கும் "இல்ல சார்". போனில் விசாரிப்பதும் இதே கதைதான்.

ஆகவே வாய்மொழியில் விடாதீங்க. சிறு தொகை அட்வான்ஸ் கட்டி, பார்ட் நம்பர் போட்ட ஆர்டர் ரசீது வாங்குங்க. அது அவர்கள் கணக்கில் தேவையாக ஏறும். வண்டி ஓட முடியாத நிலையில் நின்றால் அதையும் சொல்லுங்க. "வெஹிகிள் ஆஃப் ரோடு" என்று தனி அவசர ஆர்டர் வகை பல கம்பெனிகளில் உண்டு. நாமாகக் கேட்காவிட்டால் சாதாரண வரிசையில்தான் போடுவார்கள். "2005 மாடல்" என்று சொல்வதோடு நிறுத்தாமல் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள 17 இலக்க சேஸிஸ் நம்பரைக் கொடுங்க. வருஷத்தின் நடுவிலேயே பாகங்களை மாற்றுவார்கள். சேஸிஸ் நம்பரை வைத்துத்தான் கேட்டலாக்கில் சரியான பார்ட் நம்பரை எடுக்க முடியும்.

"அசெம்ப்ளியாத்தான் வரும்" என்பதற்கு வருவோம். பழைய மாடலுக்கு இருபது குட்டி பாகத்துக்கு இருபது நம்பர், இருபது டப்பா, இருபது ரேக் வைப்பதைவிட எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நம்பராக்கினால் அவர்களுக்குக் கிடங்குச் செலவு மிச்சம். நமக்கு முன்னூறு ரூபாய் வேலை மூவாயிரம் ஆகும். இன்னொரு பக்கம், பிளாஸ்டிக் பாகத்துக்கு அச்சு வேண்டும். மாடல் நின்றதும் அந்த அச்சு சப்ளையரின் பட்டறை மூலையில் கிடக்கும். அதை எடுத்து மெஷினில் மாட்டி ஐம்பது பீஸ் அடித்துக் கொடுக்க எந்த சப்ளையரும் விரும்ப மாட்டார். அதனால் மாடல் நிற்கும்போதே கடைசியாக ஒரு பெரிய லாட் அடித்து வைத்துக்கொள்வார்கள். அது தீர்ந்த பிறகு வருவதுதான் அந்த நாலாவது பதில்.

எத்தனை வண்டி ரோட்டில் இருக்கிறது என்பதுதான் இதில் பெரிய விஷயம், வயசு அல்ல. மாருதி 800 தயாரிப்பு 2014-ல் நின்றது. ஆனால் 25 லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி என்பதால் சின்ன ஊர்க் கடையிலும் பாகம் கிடைக்கிறது. 1996-ல் நின்ற யமஹா ஆர்.எக்ஸ். 100-க்கு இன்றைக்கும் வெளியார் செய்த பாகங்கள் தாராளம். மாட்டிக்கொள்வது, அதைவிடப் புதுசாக இருந்தும் குறைவாக விற்ற மாடல்காரர்கள்தான்.

அந்த ஹவுசிங்கைச் செய்த சப்ளையர் அம்பத்தூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ இருக்கலாம். அவரிடமே நேராக வாங்கினால் என்ன என்று தோன்றும். இதே கேள்விதான் இந்தியப் போட்டி ஆணையத்தின் முன்னால் போனது. 2011-ல் ஒரு நுகர்வோர் கொடுத்த புகாரில் தொடங்கி, 2014 ஆகஸ்ட் 25-ல் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது ஆணையம். சப்ளையர்கள் ஒரிஜினல் பாகங்களை வெளிச்சந்தையில் விற்கவிடாமல் தடுத்ததும், பழுதறியும் கருவிகளை வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காததும் போட்டிச் சட்டத்துக்கு எதிரானவை என்பது தீர்ப்பு. பிறகு அது மேல்முறையீடுகளுக்குள் போய்விட்டது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு இணையதளம் திறந்தது. அதில் வாகனத் துறையும் உண்டு. அதே வருஷம் ஏப்ரலில்தான் 15 வருஷம் தாண்டிய காருக்கு மறுபதிவுக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. கட்டணம் கட்டி வண்டியை வைத்திருக்க அனுமதி கிடைக்கும், பாகம்தான் கிடைக்காது.

நடைமுறையில் நான் போகும் வரிசை இது. முதலில் பாகத்தின் மேலேயே சப்ளையர் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் அதே சாமான் சப்ளையரின் சொந்த டப்பாவில் ஜி.பி. ரோட்டில் கிடைக்க வாய்ப்பு உண்டு, பெரும்பாலும் விலையும் குறைவு. பாடி, கண்ணாடி, ஸ்விட்ச் மாதிரியானவற்றுக்குப் புதுப்பேட்டை காயலான் கடைகள். ரப்பரும் பிரேக் சாமானும் அங்கே வாங்க மாட்டேன். என் ஹவுசிங் கடைசியில் புதுப்பேட்டையில்தான் கிடைத்தது, பேரம் பேசி நானூறு ரூபாய், விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் காட்டியே கொடுத்தார்.

பேரிங், ஆயில் சீல் இரண்டுக்கும் ஷோரூம் பக்கமே போக வேண்டியதில்லை. பெரும்பாலானவை உலகம் முழுக்க ஒரே அளவு. பேரிங்கின் விளிம்பில் 6204 என்று இருந்தால், கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்க: உள் துளை 20 மி.மீ. வெளி விட்டம் 47, அகலம் 14. (04-லிருந்துதான் இந்தப் பெருக்கல், 00, 01, 02, 03-க்கு முறையே 10, 12, 15, 17 மி.மீ.) பின்னால் 2ஆர்எஸ் என்றிருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி, சி3 என்றிருந்தால் உள்ளே இடைவெளி கொஞ்சம் அதிகம், அதையும் மாறாமல் கேட்டு வாங்கணும். வீல் பேரிங் மாதிரி சிலது கம்பெனிக்கென்றே செய்தவையாக இருக்கும், அவை இந்தக் கணக்கில் வராது. ஆயில் சீலிலும் 35-50-8 என்று மூன்று எண் இருக்கும்: தண்டின் விட்டம், வெளி விட்டம், தடிமன். எண் அழிந்திருந்தால் வெர்னியரால் அளந்து சொன்னால் போதும். பேரிங் கடையில் வண்டி எந்த மாடல், எந்த வருஷம் என்று யாரும் கேட்கப்போவதில்லை.