சிறு பாய்மரப் படகில் படுக்கை அமைத்தல்

நிலத்தில் வாழ்வோர்க்குப் படுக்கை ஒரு வசதி. கடலில் சிறு படகைச் செலுத்துவோர்க்கோ அது ஒரு பாதுகாப்புச் சாதனமாகும். உறக்கமின்றிக் களைத்தவர் காற்றின் மாறுதலையும், நெருங்கி வரும் கப்பலின் விளக்கையும் கவனிக்கத் தவறிவிடுகின்றார். ஆகவே, 7 முதல் 10 மீட்டர் நீளமுள்ள மரப்படகிலும், கொந்தளிப்பான வேளையில் உறங்கத்தக்க படுக்கை ஒன்றேனும் இருத்தல் இன்றியமையாதது. அப்படுக்கை, படுத்தவரை உருண்டு விழாமல் காத்தல் வேண்டும். படகின் உடலுக்குத் தீங்கு செய்யாதிருத்தலும் வேண்டும். இவ்விரண்டும் மனத்திற்கொள்ளத்தக்க விதிகளாகும்.

இடமும் அளவும்

அலைகளின்மீது செல்லும் படகு, ஏற்றமரத்தைப் போன்று, தன் நடுப்பகுதியை மையமாகக் கொண்டு ஏறி இறங்குகின்றது. முனைகளில் அசைவு மிகுதி, நடுவில் குறைவு. இதனால் அணியத்தில் அமைந்த படுக்கை துறைமுகத்தில் மட்டுமே பயன்படும். நடுப்பகுதியிலோ அதற்குச் சற்றுப் பின்னாலோ, இரு பக்கங்களிலும் ஒவ்வொரு படுக்கை அமைப்பதே சிறந்தது.

நீளம் சுமார் 2 மீட்டரும், தோளருகே அகலம் 60 முதல் 65 சென்டிமீட்டரும், காலருகே 45 சென்டிமீட்டரும் போதுமானவை. அகன்ற படுக்கை கடலில் நன்மையன்று. உடல் அதில் அங்குமிங்கும் புரளும். காற்றினால் படகு சாயும்பொழுது, தாழ்ந்த பக்கத்துப் படுக்கையில் இருப்பவரைப் படகின் சுவரே தாங்கும். உயர்ந்த பக்கத்தில் உறங்குபவருக்குக் கித்தான் தடுப்புத் தேவை. உறுதியான கித்தானின் அடிவிளிம்பை மெத்தைக்குக் கீழே பலகையில் பொருத்தி, சுமார் 45 சென்டிமீட்டர் உயரத்திற்கு எழுப்பி, மேல்மூலைகளைக் கயிற்றால் கூரைச் சட்டத்தில் கட்டவேண்டும். படுத்தவாறே அவிழ்க்கத்தக்க முடிச்சு வேண்டும். நெருக்கடியில் விரைந்து எழுவதற்கு அது உதவும்.

பொருத்தும் முறை

படகின் வெளிப்பலகைகள் நீரில் ஊறி விரியும், உலர்ந்து சுருங்கும். அவற்றில் திருகாணி ஏற்றுதல் கசிவுக்கு வழிகோலும். ஆகையால் படுக்கையைத் தாங்கும் சட்டங்களை விலாச்சட்டங்களிலும் குறுக்குச் சுவர்களிலுமே இணைத்தல் வேண்டும். படகின் வளைவை முதலில் தடித்த அட்டையில் வெட்டி ஒத்துப் பார்த்தபின், பலகையை அறுப்பது மரம் வீணாவதைத் தடுக்கும்.

பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகையைப் பயன்படுத்துவோர், ஐ.எஸ். 710 என்னும் இந்தியத் தர நிர்ணயத்திற்கு உட்பட்ட கடற்பயன் வகையையே தெரிந்தெடுத்தல் நலம். 72 மணி நேரம் கொதிநீரில் இட்டாலும் அடுக்குகள் பிரியாதிருத்தல் அதற்குரிய சோதனைகளுள் ஒன்று. இரும்பு ஆணிகள் துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். பித்தளையிலுள்ள துத்தநாகம் உப்புநீரில் கரைந்துபோகும். வெண்கலத் திருகாணிகளே நீடித்து உழைப்பவை.

காற்றோட்டம்

மரத்தை அரிக்கும் பூசணம், ஈரம் சுமார் 20 சதவீதத்திற்கு மேற்பட்டால் வளரத் தொடங்குகின்றது. கடல்நீரைக் காட்டிலும் மேல்தளத்தின் வழியே ஒழுகும் மழைநீரே இதற்கு மிகவும் துணை செய்கின்றது. மூடப்பட்ட படுக்கைப் பெட்டி அதற்கு ஏற்ற இருப்பிடமாகிவிடும். எனவே, மெத்தைக்கு அடியில் முழுப்பலகைக்குப் பதிலாக, 2 முதல் 3 சென்டிமீட்டர் இடைவெளியுடன் ரீப்பர்களை அமைக்கலாம். அவற்றைக் கழற்றி எடுக்கக்கூடியனவாகச் செய்தால், அடியிலுள்ள விலாச்சட்டங்களை அவ்வப்போது சோதிக்கவும் இயலும்.

ஓர் அனுபவப் பாடம்

பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு, 1964-இல் நீரில் இறக்கப்பட்ட ‘சுஹைலி’ 32 அடி நீளமுள்ள சிறு படகாகும். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதில் தனியாக 1968 ஜூன் 14-ஆம் நாள் இங்கிலாந்தின் பால்மத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, எங்கும் நில்லாமல் உலகைச் சுற்றி, 312 நாட்களுக்குப் பின் 1969 ஏப்ரல் 22-இல் திரும்பினார். அவ்வாறு தனித்து உலகைச் சுற்றியவர்களுள் அவரே முதல்வர். 1968 செப்டம்பரில் தென்கடலில் ஒரு பேரலை படகைப் பக்கவாட்டில் வீழ்த்தியது. படுக்கையிலிருந்த அவர்மீது கனமான பொருள்கள் வந்து விழுந்தன. அறையின் மேற்கட்டும் இடம் பெயர்ந்தது.

இதனின்றும் அறியத்தக்கது யாதெனில், உறங்குபவரைப் பிணித்தல் மட்டும் போதாது. அவரைச் சூழ்ந்துள்ள பொருள்களையும் பிணித்தல் வேண்டும் என்பதே. கனமானவற்றைப் படுக்கைக்குக் கீழே வைத்து, மூடிகளுக்குத் தாழிடுதல் அவசியம். இவ்வேற்பாடுகள் யாவும் ஒரு சாதாரணத் தச்சரால் செய்யத்தக்கவை, செலவும் சிறிதே. ஆயினும், கடலில் விழித்திருக்க வேண்டியவர் தெளிந்த அறிவுடன் விழித்திருப்பது இவற்றையே பொறுத்துள்ளது.