பொய் ரோஜாவும் இரண்டு ஊசிகளும்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான் நோலண்ட் மெக்கன்சி என்ற மருத்துவரிடம் ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். ரோஜா அவருக்கு ஆகவே ஆகாது. பக்கத்தில் கொண்டுபோனால் போதும்: தும்மல், மூக்கடைப்பு, கண்ணில் நீர். மெக்கன்சி ஒருநாள் அச்சு அசலாகச் செய்யப்பட்ட செயற்கை ரோஜா ஒன்றை அவர் முன் நீட்டினார். சில நிமிடங்களில் அத்தனை தொல்லையும் வந்து சேர்ந்தது. மூக்கினுள் பார்த்தால் சவ்வு நிஜமாகவே வீங்கியிருந்தது. 1886இல் மெக்கன்சி இதை எழுதி வெளியிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிஜ ரோஜாவாக இருந்திருந்தாலும் அதன் மகரந்தம் பெரும்பாலும் குற்றவாளி அல்ல. அது பிசுபிசுப்பானது, பூச்சிகளின் காலில் ஒட்டிப் பயணம் செய்வது. காற்றில் பறந்து மூக்குக்குள் நுழைவது புல்லின் மகரந்தமும் பிர்ச் போன்ற மரங்களின் மகரந்தமும்தான். ரோஜா பூக்கும் காலத்தில் புல்லும் பூக்கிறது. புல்லின் பூ யார் கண்ணில் படுகிறது? பழி ரோஜாவின் மேல் விழுந்தது. புல்தான் காரணம் என்பதை மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி 1873லேயே ஒரு நூலாக எழுதிவிட்டார். மகரந்தத்தைத் தன் மூக்கிலும் தோலிலும் இட்டுப் பார்த்தவர் அவர். மேலே எவ்வளவு உயரத்தில் மகரந்தம் மிதக்கிறது என்றறியப் பட்டத்தில் பிசின் தடவிய கண்ணாடித் துண்டைக் கட்டிப் பறக்கவிட்டவரும் அவரே.

உடம்புக்குள் நடப்பது என்ன? சிலருடைய நோயெதிர்ப்பு மண்டலம் மகரந்தப் புரதத்தை ஒட்டுண்ணிப் புழுவைப் போன்ற எதிரியாக எடுத்துக்கொண்டு, ஐஜிஇ என்னும் எதிர்ப்புரதத்தைச் செய்கிறது. அது மூக்குச் சவ்விலுள்ள மாஸ்ட் செல்களின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடுத்த முறை அதே மகரந்தம் வந்து தொட்டதும் மாஸ்ட் செல் ஹிஸ்டமினைக் கொட்டுகிறது. நரம்பு அரிக்கிறது, இரத்தக் குழாய் கசிகிறது, தும்மல் வருகிறது. சுத்தமான வேதியியல். ஆனால் மூக்கின் சவ்வில் நரம்புகளும் அடர்ந்து கிடக்கின்றன. மூளை சொன்னாலும் அது வீங்கும். பொய் ரோஜா தட்டியது இந்த இரண்டாவது கதவை.

எதிர்பார்ப்பே மூக்கை வீங்கவைக்கும் என்றால், எதிர்பார்ப்பே அதை ஆற்றவும் கூடும். ஊசி குத்தும் வைத்தியமான அக்குபங்சர் ஒவ்வாமைக்கு உதவுமா என்று சோதிப்பது கடினமாக இருப்பது இதனால்தான். மெல்லிய ஊசி, அதற்குள் மருந்து எதுவும் கிடையாது. மூக்கோரத்திலும், புருவ நடுவிலும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதையிலும் குத்துகிறார்கள். பலன் தெரிந்தால் அது ஊசியுடையதா, பரிவோடு அரை மணி நேரம் கவனிக்கப்பட்டதுடையதா?

ஜெர்மனியில் இதை ஒழுங்காகவே சோதித்தார்கள். பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையைச் சேர்ந்த பென்னோ பிரிங்க்ஹாஸ் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு அது. பிர்ச், புல் இரண்டின் மகரந்தமும் ஆகாத 422 பேர். ஒரு பிரிவுக்கு முறையான அக்குபங்சர். இன்னொன்றுக்குப் பொய் அக்குபங்சர்: சம்பந்தமில்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி. 8 வாரத்தில் 12 அமர்வுகள். தேவைப்பட்டால் இந்த இரு பிரிவினரும் ஒவ்வாமைக்கான செட்டிரிசின் மாத்திரை போட்டுக்கொள்ளலாம். மூன்றாம் பிரிவுக்கு மாத்திரை மட்டும்.

முறையான ஊசி பெற்றவர்கள் சற்றே நன்றாக இருந்தார்கள், மாத்திரையும் குறைவாகவே எடுத்தார்கள். 0 முதல் 6 வரை போகும் வாழ்க்கைத் தர அளவுகோலில், மாத்திரை மட்டும் எடுத்தவர்களைவிட 0.7 புள்ளி முன்னேற்றம். பொய் ஊசிக்காரர்களைவிட 0.5. அந்த அளவுகோலில் ஒரு நோயாளி வித்தியாசத்தை உணர்வதற்கான கீழ் எல்லையே 0.5தான். 16ஆம் வாரத்தில் பார்த்தபோது பிரிவுகளுக்கிடையே வேறுபாடு இல்லை. ஊசி போட்ட மருத்துவருக்கு எது மெய், எது பொய் என்று தெரியும் என்பதையும் மறக்கக் கூடாது. கையும் முகமும் காட்டிக்கொடுத்துவிடும். ஊசி ஏதோ செய்கிறது, அது சிறியது என்பதற்கு மேல் நான் போகமாட்டேன். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் மருந்தில்லா வழி வேண்டுவோருக்கு இதைப் பரிந்துரைக்கலாம் என்ற அளவில் நின்றுகொண்டது. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயையோ அது அழுத்திப் பரிந்துரைத்தது. பிர்ச், புல் மகரந்தங்களை வைத்துப் போட்ட இந்த ஜெர்மன் கணக்கு, ஆண்டு முழுவதும் வீட்டுத் தூசிப்பூச்சியால் தும்முகிற சென்னைவாசிக்கு அப்படியே பொருந்தும் என்றும் சொல்ல முடியாது.

இயற்கை வைத்தியம் என்ற பெயரில் சொல்லப்படும் மற்றவற்றைச் சுருக்கமாகவே பார்க்கலாம். உள்ளூர்த் தேன் சாப்பிட்டால் மகரந்தம் பழகிவிடும் என்பார்கள். தேனீ சேர்ப்பது பூவின் மகரந்தம், நம்மைத் தும்மவைப்பது காற்றில் வருவது. அமெரிக்காவில் நடந்த ஒரு சிறு சோதனையிலும் தேன், தேன்சுவையூட்டிய சர்க்கரைப் பாகைவிட எதுவும் கூடுதலாகச் செய்யவில்லை. கவர்ச்சியே இல்லாத ஒன்றுதான் உண்மையில் உதவுகிறது: உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது. நம் யோகப் பயிற்சியாளர்களின் ஜலநேத்தி. ஒட்டிய மகரந்தமும் சளியும் கழுவிப் போகின்றன, அவ்வளவுதான். ஆனால் கொதிக்கவைத்து ஆறிய நீர்தான் வேண்டும். 2011இல் லூசியானா மாநிலத்தில் குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர், மூளையைத் தின்னும் அமீபா ஏறி இறந்துபோனார்கள்.

இன்னோர் ஊசியும் இருக்கிறது. 1911இல் லண்டனின் செயின்ட் மேரி மருத்துவமனையில் லியனார்ட் நூன், புல் மகரந்தத்தின் சாற்றை மிகச் சிறிய அளவில் தோலுக்கடியில் ஏற்றி, படிப்படியாக அளவைக் கூட்டிப் பார்த்தார். மகரந்தத்தில் ஒரு நஞ்சு இருக்கிறது, அதற்கு மாற்று உடம்பில் உருவாகும் என்பது அவர் எண்ணம். அப்படி ஒரு நஞ்சு இல்லை. கொள்கை பிழை, வைத்தியம் பலித்தது. காசநோயால் இரண்டே ஆண்டில் அவர் இறந்துவிட, சக மருத்துவர் ஜான் ஃப்ரீமன் வேலையைத் தொடர்ந்தார். இன்று மூன்று ஆண்டு அளவில் நீளும் இந்தச் சிகிச்சைதான், நிறுத்திய பிறகும் ஆண்டுக்கணக்கில் பலன் நிற்கும் ஒரே வழி. நாக்கடியில் வைக்கும் மாத்திரையாகவும் வந்துவிட்டது. ஊசியாகப் போட்டுக்கொண்டால் உடனே வீட்டுக்குப் புறப்பட முடியாது. எப்போதாவது உடம்பு முழுக்க ஒவ்வாமை பொங்கிவிடும் என்பதால், அரை மணி நேரமாவது மருத்துவர் கண்பார்வையில் உட்கார்ந்திருக்க வேண்டும். கட்டுக்குள் வராத ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதைத் தொடங்குவதில்லை.