கேஜ் முள் சொல்லும் வயது

சிங்கப்பூரில் பழைய கார் விலை பேசும்போது முதல் கேள்வி சிஓஇ பற்றித்தான்: இன்னும் எத்தனை மாதம் மிச்சம்? 1990 மே மாதம் நடப்புக்கு வந்த இந்த வாகன உரிமைச் சான்றிதழ், காருக்குப் பத்தாண்டு ஆயுள் எழுதிவிடுகிறது. 2023இல் சிறிய கார்களுக்கான சான்றிதழே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. பத்து வயதுக் காரை ஏறக்கட்டாமல், இன்னும் ஐந்தோ பத்தோ ஆண்டுக்குப் புதுப்பிக்கலாமா என்று யோசிப்பது இயல்புதான். ஆனால் புதுப்பித்தால் காரை ஒப்படைக்கும்போது கிடைக்கும் பதிவுக் கட்டணக் கழிவு போய்விடும். சாலை வரியில் ஆண்டுதோறும் கூடும் மிகைக் கட்டணம் 50 விழுக்காடு வரை ஏறும். இத்தனை பணமும் ஒரு எஞ்சினை நம்பிக் கட்டப்படுகிறது.

பத்து வயதைக் கடந்த கார் ஆண்டுக்கொரு முறை பரிசோதனை நிலையத்துக்குப் போயாக வேண்டும். பிரேக், விளக்கு, டயர், புகை எல்லாம் பார்ப்பார்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. சாலையில் ஓடத் தகுந்ததா என்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. ஆகவே தேர்ச்சித்தாளைக் காட்டி எஞ்சின் ‘டாப்’ என்று சொல்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள்.

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் கலந்து சிலிண்டருக்குள் வருகின்றன. பிஸ்டன் மேலேறி அதை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. பிறகு பிளக் பொறி விடுகிறது. நெருக்கம் குறைந்தால் எரிதலின் வலுவும் குறையும். பத்தில் ஒன்றாக நெருக்கினால் அழுத்தமும் பத்து மடங்குதானே என்று தோன்றும். நெருங்கும் காற்று சூடேறுவதால் அழுத்தம் அதற்கும் மேலே போகப் பார்க்கிறது. ஆனால் பிஸ்டன் ஏறத் தொடங்கிய பிறகுதான் இன்லெட் வால்வு முழுதாக மூடுகிறது, சிலிண்டர் சுவரும் சூட்டை இழுத்துக்கொள்கிறது. கூட்டிக் கழித்தால், நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் அழுத்தம் அளக்கும் கேஜின் முள் பெரும்பாலும் 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை நிற்கும். சரியான அளவை அந்தந்த எஞ்சினின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

இந்த அழுத்தத்தை அளக்க, எஞ்சினைச் சூடேற்றி நிறுத்தி, எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, எரிபொருளையும் பொறியையும் துண்டித்துவிட்டு, ஒரு துளையில் கேஜைத் திருகுகிறார் மெக்கானிக். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஐந்தாறு சுற்றுக்கு ஸ்டார்ட்டரைச் சுழற்றுகிறார். மிதிக்காவிட்டால் காற்று போதாமல் எல்லா எண்ணும் குறைவாகவே காட்டும். பேட்டரி சோர்ந்திருந்தாலும் அப்படித்தான். சின் மிங்கிலோ உபியிலோ காக்கி புக்கிட்டிலோ எந்தப் பட்டறையானாலும் இந்த முறையில் மாற்றமில்லை.

நான்கு சிலிண்டரில் 148, 145, 150, 146 வந்தால் எனக்குக் கவலையில்லை. வயதான எஞ்சின், ஆனால் ஒரே சீராக வயதாகியிருக்கிறது. 178, 175, 118, 176 என்றால் அந்த மூன்றாவது சிலிண்டருக்காகப் பேரத்தை நிறுத்திவிடலாம். பொதுவாகச் சிலிண்டர்களுக்கிடையே 10, 15 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால், அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறதோ என்று சந்தேகம் வரும்.

அடுத்தது எண்ணெய்ச் சோதனை. மிதிவண்டிப் பம்பில் வாஷர் காய்ந்து காற்றுப் பிடிக்காதபோது இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு அடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பலவீனமான சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளக்கிறார்கள். அழுத்தம் நன்றாக ஏறினால் கசிவு பிஸ்டன் ரிங் பக்கம். எண்ணெய் அந்த இடுக்கைத் தற்காலிகமாக அடைத்துவிட்டது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.

இன்னும் துல்லியம் வேண்டுமானால் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, வால்வுகள் மூடியிருக்கும்போது, பிளக் துளை வழியே அழுத்தக் காற்றை ஏற்றுவார்கள். பிறகு காது கொடுத்துக் கேட்க வேண்டும். புகைக்குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. காற்று வடிகட்டிப் பக்கம் சீறினால் இன்லெட் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். ரிங் பக்கம் சிறிதளவு கசிவு எந்த எஞ்சினிலும் இருக்கும் என்பதால், சத்தம் கேட்டதுமே பதற வேண்டாம்.

ஓடோமீட்டர் இதையெல்லாம் சொல்லாது. இந்தத் தீவில் தூரங்கள் குறைவு. எண்ணெய் முழுச்சூடு அடைவதற்குள் கார் நின்றுவிட்டால் பெட்ரோலும் ஈரமும் எண்ணெயிலேயே தங்கும். எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் கசடு சேர்ந்து ரிங்குகள் தம் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ஞாயிறு மாலை தேக்கா நெரிசலில் ஏசியோடு நின்றபடி எஞ்சின் ஓடிய நேரமும் கிலோமீட்டர் கணக்கில் வராது. பல மாடி வாகன நிறுத்துமிடச் சரிவில் ஏறும்போது திணறல், காலி ஓட்டத்தில் நடுக்கம் என்று அறிகுறிகள் தெரியும். ஆனால் பழுதான பிளக்கும் இக்னிஷன் காயிலும் அதே அறிகுறிகளைக் காட்டும். அவற்றைப் பார்ப்பதற்குச் செலவு குறைவு, அங்கிருந்தே தொடங்குங்கள்.

இரண்டு வகை எஞ்சின்கள் இந்தக் கணக்குக்குள் அடங்காது. ஹைபிரிட் கார்கள் பலவற்றில் இன்லெட் வால்வு வேண்டுமென்றே தாமதமாக மூடும். அங்கே குறைந்த எண் பழுதின் அடையாளம் ஆகாது. மாஸ்டா ஆர்எக்ஸ்-8 போன்ற ரோட்டரி எஞ்சினிலோ பிஸ்டனே கிடையாது. சுழலியின் மூன்று முகங்களையும் தனித்தனியே அளக்கத் தனிக் கருவி வேண்டும். சாதாரணக் கேஜ் உச்ச எண்ணை மட்டும் பிடித்துவைப்பதால் தேய்ந்த முகம் தப்பிவிடும்.

இந்த அழுத்தச் சோதனையைப் பணம் கட்டுமுன் கேளுங்கள். நான்கு எண்களையும் தேதி, கிலோமீட்டரோடு எழுதி வாங்குங்கள். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள ‘லெமன் சட்டம்’ வணிகரிடம் வாங்கும் பழைய கார்களுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, ஒப்படைத்த நாளிலேயே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்ட வேண்டியவர் விற்றவர். வயதுக்கேற்ற தேய்மானம் அதில் சேராது. அது தேய்மானமா குறையா என்ற வழக்கு எழும்போது, வாங்கிய நாளில் எழுதிய அந்த எண்கள் கையில் இருப்பது நல்லது.